கொல்லிமலை இரும்பும் பழைய கடைசல் யந்திரமும்

கொல்லிமலை என்றவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன வல்வில் ஓரியும், கொல்லிப்பாவையும், அறப்பளீசுவரர் திருக்கோயிலுமாம். ஓரியைக் கொன்று மலையமான் காரி அம்மலையைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு கூறும். தெய்வம் அமைத்த பாவையொன்று அங்குண்டென்று குறுந்தொகையும் நற்றிணையும் குறிக்கும். இவற்றைக் குறித்துப் புலவர் பெருமக்கள் எழுதியவை பலவாதலின் யாம் அவற்றை விரித்தல் வேண்டா. ஆயின் அம்மலையின் வயிற்றினுள்ளே கிடக்கும் இரும்பைப்பற்றி நம் மொழியில் எழுந்த எழுத்து மிகக் குறைவு. உலையும் துருத்தியும் சம்மட்டியும் தலைமுறைச் சொத்தாகப் பெற்ற நம் குடும்பங்களிலேயே அவ்வரலாறு பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

இக்கட்டுரையின் பொருள் பழைய கடைசல் யந்திரங்களை, அதாவது பட்டறைகளில் 'லேத்' என்று வழங்கும் பொறிகளை, செப்பனிட்டுக் காத்தலாகும். அங்ஙனமாயின் மலையிரும்பைக்கொண்டு தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். ஒரு தொழிலறிவு நம் நாட்டைவிட்டு முன்னொரு முறை எவ்வாறு மறைந்தது என்பதை அறிந்தாலன்றி, இப்பொழுது மற்றொன்று மறைந்துகொண்டிருக்கும் விதம் விளங்காது. ஆதலின் முன்னதை முதலில் கூறுவாம்.

சேலம், நாமக்கல் பகுதிகளின் மலைகளில் காந்தமேறிய இரும்புக்கல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலார் இருவர் இப்பகுதிகளை ஆராய்ந்து 1864-ல் வெளியிட்ட நூலில், கஞ்சமலை, கொடுமலை, தீர்த்தமலை முதலியவற்றோடு தலைமலையையும் கொல்லிமலையையும் சேர்த்து இவ்விரும்புப் படிவுகளை வகுத்துரைத்தனர். இவருள் பூட் என்பவரே, பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். கல்லாயுதத்தை அடையாளங்கண்ட அதே கண், அடுத்த ஆண்டிலேயே நம் இரும்பையும் எழுத்தில் ஏற்றிற்று.

மழைக்காலத்தில் மலையோடைகள் அடித்துவரும் கருமணலை நீரில் அரித்தெடுத்தும், பாறையைப் பொடித்தும், களிமண்ணாற் கட்டிய சிற்றுலைகளில் கரியோடு மாறிமாறி இட்டு உருக்குவர். ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு ஓய்வின்றி மாறிமாறி ஊதும். பல நாழிகை கழிந்தபின் உலையின் வாயை உடைத்தால், கசடு கலந்த இரும்புக் கட்டி ஒன்று வெளிப்படும். அதனை அடித்துக் கசடு நீக்கிப் பாளமாக்குவர். உலையூதியவர் யாவரும் நம் குலத்தார் என்று யாம் பெருமை பேசப் புகவில்லை. பல ஊர்களில் பிற குலத்து ஏழை மக்களே கல் பொறுக்கி, கரி சுட்டு, உருக்கித் தந்தனர். அதனை வாங்கிக் காய்ச்சிக் கொழுவாகவும் அரிவாளாகவும் ஆக்கியவர் நம்மவர். இருவர் கையும் சேர்ந்தே இரும்பு பிறந்தது.

இதனினும் வியப்புடையது எஃகு செய்த முறை. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, ஆவாரஞ் சுள்ளியோடு களிமண் குகையில் இட்டு, எருக்கிலை முதலிய பச்சிலையால் மூடி, மண்ணால் வாயடைத்து, உலையிற் சுடுவர். விறகிலும் இலையிலுமுள்ள கரி இரும்பினுட் புகுந்து எஃகாகும். மேனாட்டார் 'வூட்ஸ்' என்று பெயரிட்டு வியந்த உருக்கு இதுவே. லண்டனில் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர், மின்சார ஆராய்ச்சியிற் புகழ்பெறுமுன், 1819-ல் இவ்வெஃகைப் பகுத்தாராய்ந்தார். பின்னர் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்வாருடன் கூடி இதுபோன்ற கலவை உலோகம் ஆக்க முயன்றார். நம் நாட்டுக் குகையினின்று வந்த கட்டி ஒன்று ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேசையின்மேல் ஆராயப்பெற்றது. அதனை உருக்கியவன் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சென்னை அரசாங்க உத்தியோகத்தை 1825-ல் விட்டு, இவ்விரும்பைப் பெருமுறையில் உருக்க எண்ணி, 1830-ல் பரங்கிப்பேட்டையில் பேருலை எழுப்பினார். சேலத்துக் கல் நீர்வழியாகக் கடற்கரைக்குச் சென்றது. கரிக்காகக் காடுகள் அழிந்தன. காட்டுக்கு வெகுதொலைவில் உலை, கல்லுக்கு வெகுதொலைவில் கரி என்னும்படி அமைந்த அம்முயற்சி இலாபம் தரவில்லை. பின்னர் 1853-ல் ஏற்பட்ட கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியும் 1874-ல் கலைக்கப்பட்டது. பேருலை அணைந்ததோடு நில்லாமல் சிற்றுலைகளும் அணைந்தன. கப்பலில் வந்திறங்கிய சீமையிரும்பு மலிவாயிற்று. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்துக்குப்பின் கரி சுடுதல் கடினமாயிற்று. மலைச்சாரல்களில் உலைக் கசடுகள் மட்டும் கிடந்தன.

இன்று நம் முன்னோர் இரும்புருக்கிய விதத்தை நாம் அறியவேண்டின், 1800-1801-ல் நாடு சுற்றிய பிரான்சிஸ் புக்கானனையும், ஹீத் எழுதிய குறிப்புகளையும் புரட்டவேண்டும். ஆவாரையும் எருக்கும் நம் வேலியோரத்தில் நிற்க, அவற்றின் பயனை அயலான் நூலிற் கற்கிறோம். கை அறிந்ததைக் கை எழுதி வைக்கவில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருக்காலை இயங்கத் தொடங்கியதுண்டு. ஆனால் அது வெளியினின்று வரும் பொருளைக்கொண்டு துருவேறா எஃகுத் தகடு செய்வதேயன்றி, அம்மலைக் கல்லை உருக்குவதன்று.

நிற்க. இனிக் கடைசல் யந்திரத்துக்கு வருவோம்.

'கடைதல்' என்னும் சொல் ஒன்றே தயிர் கடைவதற்கும் மரமும் உலோகமும் கடைவதற்கும் நம் மொழியில் வழங்குகின்றது. மத்தில் கயிற்றைச் சுற்றி இருகையாலும் மாறிமாறி இழுப்பதைப் பார்த்தவர்க்கு இதன் காரணம் சொல்லவேண்டுவதில்லை. பழைய கடைசல் மரமும் அவ்வாறே கயிறிட்டு இழுக்கப்பட்டது. ஒருவர் கயிறிழுக்க, மற்றொருவர் உளி பிடிப்பார். பொருள் முன்னும் பின்னும் சுழலுமாதலின், முன்சுழலும்போது மட்டும் உளி வெட்டும். போசளர் கோயில்களில் மாக்கல் தூண்கள் வளையம் வளையமாகக் கடைந்தெடுத்தாற்போல் விளங்குவதைக் கண்டவர், இவ்வெளிய கருவி எத்துணைப் பெரிய வேலைக்கும் ஈடுகொடுத்தது என்பதை உணர்வர்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு நம் தொழிலுக்கு நற்சான்று. காவிரி வண்டலில் அச்செடுத்து, பித்தளை வார்த்து, கடைசலிலிட்டு மெருகேற்றுவர். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தாங்குழி, மேலே பிரபை என்னும் நான்கு உறுப்புகளையும் மரை கொண்டு திருகிச் சேர்ப்பர். அத்திருகு மரை சரியாக அமைந்தாலன்றி விளக்கு நேராக நில்லாது. விளக்கைக் கழற்றித் துலக்கி மீண்டும் பூட்டும் பெண்டிர் அனைவரும் கடைசற்காரனுடைய திறமையை விரலால் சோதிக்கின்றனர் எனலாம்.

மரை வெட்டுதலே கடைசலின் உச்சநிலை வேலை. உளியைக் கையாற் பிடித்தவரை, ஒருவன் வெட்டிய திருகு மற்றொருவன் வெட்டிய மரைக்குப் பொருந்தாது. 1800-ஆம் ஆண்டை ஒட்டி, ஹென்றி மாட்ஸ்லே என்னும் ஆங்கிலேயக் கொல்லர், இரும்புப் படுகைமேல் நகரும் உளிப்பீடம் ஒன்றை அமைத்து, அதனை நீண்ட திருகுத் தண்டு ஒன்றால் ஓட்டி, பல்சக்கரங்களை மாற்றி வேண்டிய அளவு மரை வெட்டும் பொறியை நிலைநிறுத்தினார். அவருக்கு முன்னும் சிலர் முயன்றதுண்டு. எனினும் பட்டறைக்குப் பயன்படும் உறுதியோடு அதனை அமைத்தவர் அவரே. அவரிடம் வேலை பயின்ற ஜோசப் விட்வர்த், 1841-ல் திருகுகளுக்கெல்லாம் பொது அளவு ஒன்று வகுத்தார். மரையின் கோணம் 55 பாகை என்றும், இன்ன குறுக்களவுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்றும் விதித்தது அவ்வளவே. அரை அங்குலத் திருகுக்கு அங்குலத்துக்கு 12 மரை. நம் பட்டறைகளில் இன்றும் 'விட்வர்த்' என்று வழங்குவது அப்பெருந்தொழிலாளரின் பெயரே.

இப்பொறிகள் தமிழ்நாட்டுக்குப் புகைவண்டியோடு வந்தன எனல் பொருந்தும். பெரம்பூர்ப் பட்டறையும், நாகப்பட்டினத்தினின்று 1920-களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைக்குப் பெயர்ந்த பட்டறையும் ஆயிரக்கணக்கான கொல்லர், தச்சர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களாயின. உலைமுன் அமர்ந்தவன் மகன் 'டர்னர்' ஆனான். 'பிட்டர்' ஆனான். கோயமுத்தூரில் பஞ்சாலைகளுக்கு உதிரியுறுப்பு செய்யத் தொடங்கிய பட்டறைகள் பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்தபின் செழித்தன. 1926-ல் தோன்றிய பி. எஸ். ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடத்திலிருந்து தமிழ்நாட்டில் செய்த லேத்துகள் வெளிவந்தன. ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1937-ல் உள்நாட்டு மின்மோட்டார் உருவாயிற்று. அதே ஆண்டில் மேட்டூர் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. இவர்களுட் பலர் நம் குலத்தாரல்லர். அது பற்றிக் குறைப்படுதற்கு ஒன்றுமில்லை. கடைசல் அறிந்தவன் எக்குலத்தானாயினும் தொழிலால் நமக்கு உறவினனே. மைசூர் இராச்சியத்து ஹரிஹரத்தில் 1941-ல் ஏற்பட்ட கிர்லோஸ்கர் தொழிற்சாலையும், பெங்களூரில் 1953-ல் ஏற்பட்ட ஹெச். எம். டி. தொழிற்சாலையும் பிற்காலத்தில் நம் பட்டறைகளை நிரப்பின.

கொல்லிமலையினின்று இறங்கினால், நாமக்கல்லில் லாரிக் கூடு கட்டுவோரும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் அமைப்போரும் இந்தியா முழுதும் பெயர்பெற்றிருப்பதைக் காணலாம். அத்தொழில்களின் அடியில் சிறுசிறு லேத் பட்டறைகள் உண்டு. தேய்ந்த அச்சைக் கடைவதும், புஷ் போடுவதும், மரை வெட்டுவதும் அங்கேயே. இப்பொழுது கணிப்பொறியால் இயங்கும் லேத்துகள் வந்துவிட்டன. அவை ஒரே உறுப்பை ஆயிரமாயிரமாகச் செய்யும் திறமுடையன. அவற்றைப் பழிப்பது அறியாமை. ஆனால் அவை வந்தவுடன் பட்டறை மூலையில் நின்ற பழைய பொறியை எடைக்குப் போட்டுவிடுகிறோமே, அதுதான் எமக்கு மனக்குறை. ஒரு டன் வார்ப்பிரும்பு என்று நிறுக்கிறவனுக்கு, அப்படுகைமேல் எவ்வளவு கைவேலை கிடக்கிறதென்று தெரியாது. விற்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அரிய பழம்பொறியை அறிவது எங்ஙனம்? படிப்படியாகச் சிறுத்த கூம்புக் கப்பியும், தட்டையான தோல்வார் ஓடிய வழவழப்பும் இருந்தால், அது மேலே ஓடிய பொதுத் தண்டினால் இயங்கிய காலத்தது என அறியலாம். ஒரு பெரிய எண்ணெய் எஞ்சின் சுழல, கூரையடியில் நீண்ட தண்டு சுழல, அதினின்று வார் இறங்கி ஒவ்வொரு பொறியையும் ஓட்டிய காலம் அது. செய்தவர் பெயர் வார்ப்பிலேயே எழுத்தாக நிற்கலாம், பித்தளைத் தகட்டில் இருக்கலாம். வரிசை எண் பெரும்பாலும் பெட்டின் வால்முனையில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆதலின் வர்ணம் பூசுமுன் அம்முனையைத் துடைத்துப் பாருங்கள்.

செப்பனிடுவோர் முதலிற் செய்யும் பிழை, உப்புத்தாள் சக்கரத்தைக் கொண்டு யாவற்றையும் பளபளப்பாக்குதல். பெட்டின் மேற்பரப்பு உராய்வுக்காக அளந்து சீர்செய்யப்பட்டது. அதன்மேல் சக்கரம் ஓடினால் அளவு போயிற்று. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியாலும் பித்தளைத் தூரிகையாலும் எடுத்தலே நன்று. இறுகிய திருகைச் சுத்தியால் அடித்தும், குழாய் மாட்டி நெம்பியும் உடைப்பதினும், சூடாக்கி எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருப்பது மேல். பழைய திருகை எடுத்தெறிந்துவிட்டு, துளையை மில்லிமீட்டர் மரைக்கு மாற்றுதல் எம் கருத்தில் கொடுமையேயாம். அமெரிக்க அளவில் அரை அங்குலத்துக்கு 13 மரை. விட்வர்த்தில் 12. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். வலிந்து திருகினால் இரண்டும் அழியும். வேறு திருகு கிடைக்காவிடின், லேத் உள்ள பட்டறையில் அதனைக் கடைந்துகொள்வதற்கு என்ன தடை?

பெட்டில் தேய்வு எங்கும் ஒரேபடியாக இராது. வேலை பெரும்பாலும் தலைப்பக்கத்துக்கு அருகே நிகழ்வதால், அங்கேயே பள்ளம் விழும். வால்பக்கம் புதியதுபோல நிற்கும். இத்தகைய பொறியில் நீண்ட தண்டு கடைந்தால், ஒருமுனையில் ஓர் அளவும் மறுமுனையில் வேறளவுமாக வரும். இதனைச் சீர்செய்ய இருவழிகள் உண்டு. பெருநகரத்து அரைக்கும் பொறியிலிட்டு முழுப் பெட்டையும் அரைத்துவிடுதல் ஒன்று. அது விரைவானது. ஆனால் அரைத்த அளவுக்கு உளிப்பீடம் கீழிறங்குமாதலின், திருகுத் தண்டோடும் பல்தண்டோடும் அது பொருந்தாது போகும். அவற்றையும் இறக்கியோ, பீடத்துக்கு அடியில் தகடு வைத்துயர்த்தியோ சரிசெய்தல் வேண்டும். இதனைச் செய்யாது விட்டு, 'அரைத்தும் சரியில்லை' என்று பொறியைப் பழிப்பவர் பலர்.

மற்றொன்று சுரண்டுதல். சமதளப் பலகையில் நீலநிறக் குழம்பை மெல்லெனப் பூசி, அதன்மேல் உறுப்பைத் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அம்மேட்டைச் சுரண்டியால் மயிரிழையளவு எடுப்பர். மீண்டும் நீலம், மீண்டும் சுரண்டி. நாள்கணக்கில் இவ்வாறு செய்தபின் நீலப்புள்ளிகள் பரப்பெங்கும் நெருங்கி ஒருசீராகத் தோன்றும். சமதளம் ஒன்றைப் பிறிதொரு சமதளமின்றி உண்டாக்குவதெப்படி என்னும் வினாவுக்கும் விட்வர்த் விடை எழுதியுள்ளார். மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றிமாற்றி ஒப்பிட்டுச் சுரண்டினால், மூன்றும் சமமாவதன்றி வேறு வழியில்லை. இரண்டே தகடாயின், ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் பொருந்திவிடக்கூடும். மூன்றாவது அப்பொய்யை வெளிப்படுத்தும். நம் பட்டறைகளில் முதியவர் சிலர் இக்கலையை அறிவர். கண்ணால் அறிவதன்று அது, மணிக்கட்டால் அறிவது. அவர்கள் சுரண்டியபின் பரப்பில் தோன்றும் பிறைபிறையான தழும்புகள் அழகுக்காக மட்டும் அல்ல. அவற்றில் எண்ணெய் தங்கும்.

தலைப்பகுதித் தண்டு வெண்கலப் புஷ்ஷில் சுழல்வதாயின், தேய்ந்த புஷ்ஷைப் புதிதாய் வார்த்துக் கடைதல் கன்னார் கைக்கு எளிது. பல் உடைந்த சக்கரத்தை எறிந்துவிட வேண்டா. உடைந்த இடத்தில் துளையிட்டு ஆணி பதித்து, பித்தளைப் பற்று வைத்து, அரத்தால் பல்லை உருவாக்கிய பழைய வேலைகள் இன்றும் ஓடுகின்றன. பெட்டில் விரிசல் இருந்தால் மட்டும் அவசரப்படலாகாது. வார்ப்பிரும்பு சூடேறாத நிலையில் பற்றவைக்கப்பெற்றால், ஆறும்போது பக்கத்திலேயே மீண்டும் வெடிக்கும். வெதுவெதுப்பாகச் சூடேற்றி, பற்றவைத்து, சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மெல்ல ஆற்றுதல் வேண்டும். உலையறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று.

பழம்பொறிகளில் பெரும்பாலும் காணாமற்போவது மாற்றுச் சக்கரத் தொகுதியாகும். 20 பல் முதல் ஐந்தைந்தாக ஏறி 120 பல் வரை உள்ள சக்கரங்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்திருக்கும். பொறி ஓரிடத்தில், பெட்டி பரண்மேல். இவையின்றேல் மரை வெட்ட இயலாது. திருகுத் தண்டு அங்குலத்துக்கு 4 மரையுடையதாயின், 8 மரை வெட்ட 40, 80 பற்சக்கரங்களையும், 10 மரை வெட்ட 40, 100 பற்சக்கரங்களையும் மாட்டுவர். எளிய பின்னக் கணக்கே இது.

இத்தொகுதியில் ஒரு சக்கரம் மட்டும் ஐந்தின் மடங்கு ஆகாமல் நிற்கும். அதற்கு 127 பல். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். இவ்வெண்ணின் காரணமாக, அங்குலத் தண்டையுடைய பொறியில் மில்லிமீட்டர் மரை பிழையின்றி வெட்டலாம். அதே 4 மரைத் தண்டில் 40 பல்லும் 127 பல்லும் மாட்டினால் 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மரை விழும். இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவு புகுந்தபோது, அங்குலப் பொறிகளைக் கைவிடாது வேலை நடத்தியவர் பலருக்குக் கைகொடுத்தது இச்சக்கரமே. பட்டறையின் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிய சக்கரக் கணக்குகளும், தாத்தாவின் நோட்டில் பென்சிலால் எழுதிய அட்டவணைகளும் அக்காலத்தவை.

ஆதலின் எடைக்காரன் வண்டி வருமுன், உறுப்பினர் தம் இல்லத்துப் பரணிலும் பட்டறையின் பின்கட்டிலும் அம்மரப்பெட்டியைத் தேடுவாராக. அதில் 127 பற்சக்கரம் கிடைத்தால், பொறி எதனுடையது, யார் வாங்கியது, எவ்வாண்டில் எவ்விலைக்கு, யார் கடைந்தார், எந்த வேலைக்கு என்பவற்றை வீட்டுப் பெரியோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, சக்கரத்தோடு பெட்டியினுள்ளே வைப்பாராக. சுரண்டி பிடிக்கும் முதியவர் அண்மையில் இருப்பின், வீட்டுப் பிள்ளையை அவரிடம் ஒரு கோடை விடுமுறைக்கு அனுப்புவாராக. நோட்டுப்புத்தகமும் பென்சிலும் மறவாது கொடுத்தனுப்புக.